ஆட்சேபம்

அப்பாவின் சட்டையில் மூன்றாவது பொத்தானைப் போட்டுவிட்டு மகள் நான்காவதற்குப் போனாள். அவர் கையைத் தட்டிவிட்டார்.

"நானே போட்டுக்கறேன். இன்னிக்கு கேஸே அதுதானே."

அவளுக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள். முன்பு அப்பா இரண்டு தடவை வெளியே போய் வழி தவறியிருந்தார். அடுப்பை அணைக்காமல் படுத்தார். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டுத்தான், தன்னை அவருக்குக் காப்பாளராக நியமிக்கச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போட்டாள். அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை.

பத்து நாள் முன்பு நீதிமன்ற ஊழியர் நோட்டீஸோடு வந்தபோது வாசலிலேயே கையை நீட்டினாள்.

"என்கிட்ட குடுங்க. நான் பக்குவமா சொல்லிக்கறேன்."

"முடியாதும்மா. அவர் கையிலதான் குடுக்கணும். புரியற மாதிரி படிச்சும் காட்டணும்."

ஊழியர் கட்டிலருகே உட்கார்ந்து நிதானமாகப் படித்தார். 'தன் காரியங்களைத் தானே கவனித்துக்கொள்ள இயலாதவர்' என்ற இடத்தில் அவர் குரல் இறங்கியது. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மனுப் போட்டது யாரு?" என்றார் அப்பா.

"உங்க பொண்ணுங்கய்யா."

அப்பா நோட்டீஸை வாங்கி மடித்தார்.

"முப்பது வருஷம் பஸ்ல கண்டக்டரா இருந்தேன். எங்க இறங்கணும்னு கேக்காம ஒருத்தரையும் இறக்கி விட்டதில்ல."

"அதைக் கேக்கத்தாங்கய்யா வந்திருக்கேன். ஆட்சேபம் இருந்தா நீங்களே நேர்ல வந்து சொல்லலாம்."

"இருக்கு. வந்து சொல்றேன்."

அதற்குப் பிறகு அவர் அவளிடம் கோபித்துக்கொள்ளவில்லை. தினமும் காலையில் தேதியை மட்டும் கேட்டார்.

இப்போது அவரைப் பொத்தானோடு மல்லுக்கட்ட விட்டுவிட்டு அவள் சீப்பெடுக்க உள்ளே போனாள். திரும்பியபோது நாற்காலியில் தலை சாய்ந்திருந்தது. சட்டைப் பொத்தான்கள் எல்லாம் போட்டிருந்தன.

பக்கத்து வீட்டு நர்ஸ் ஓடி வந்து நாடி பார்த்தாள். அவர் கையை மெல்ல மடியில் வைத்துவிட்டு மகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

மகள் நீதிமன்றத்துக்குப் போன் செய்து அப்பா போய்விட்டதைச் சொன்னாள். எழுத்தர் தணிந்த குரலில், "நீங்க வர வேண்டாம்மா. மனுவை முடிச்சிடுவாங்க" என்றார்.

"ஒண்ணு எழுதிக்கணும்."

"சொல்லுங்கம்மா."

"அவருக்கு ஆட்சேபம் இருந்துச்சு."

"மனுப் போட்டதே நீங்கதானே?"

"ஆமா."

மறுமுனையில் காகிதம் புரளும் சத்தம். "எழுதிட்டேம்மா."

வெளியே, ஒன்பது மணிக்குச் சொல்லியிருந்த வாடகைக் கார் வந்து நின்றிருந்தது. ஓட்டுநர் இறங்கி, பெரியவர் கால் நீட்டி உட்கார வசதியாக முன்சீட்டைப் பின்னால் தள்ளிவிட்டு, கதவைத் திறந்து பிடித்தபடி நின்றார்.