நீர் நிரப்பிய படகு

நிக்கலஸ் முழங்காலிட்டுக் குனிந்து, படகின் அடியில் கையை நீட்டி மண்ணைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது. இன்னும் சற்று உள்ளே ஊர்ந்துபோய் நடுப்பகுதியில் விரல்களால் துழாவினார். அங்கேயும் புழுதிதான். மலையூரான கோலா தெர்லாவில் விடியற்காலையில் எது நனையாமல் இருக்கும்? முட்டைக்கோஸ் பாத்திகளும் நெகிழிக் கூரைகளும் நிறுத்தி வைத்த லோரிகளும் பனியில் குளித்து நின்றன. தகரக் கொட்டகையின் கீழிருந்த இந்த ஒரு துண்டு நிலம் மட்டும் தூள்தூளாக உதிர்ந்தது. அவர் விரல்களை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தார். பிறகு பரீட்சையில் தேறிய பிள்ளையைப்போல மனைவியை நிமிர்ந்து பார்த்துச் சிரித்தார்.

“ஒரு சொட்டு இறங்கல எவலின். வந்து தொட்டுப் பாரு.”

எவலின் தேநீர்ப் பிளாஸ்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கொட்டகைத் தூணருகே நின்றாள். “நீங்க தொட்டது போதும். மொதல்ல வெளிய வாங்க. போட்டு ஒங்க மேல விழுந்து வச்சா அப்புறம் மாப்பிள்ளைக்குப் போட்டும் இல்ல, மாமனாரும் இல்ல.”

அந்தப் படகு லிம் தவுக்கேயினுடையது. மலையில் காய்கறி விளைவித்து லோரி லோரியாகக் கீழே அனுப்புகிற சீன முதலாளி அவர். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கடலுக்குப் போய்த் தூண்டில் போடும் ஆசை அவருக்கு இருந்தது. முதுகுவலி வந்ததும் ஆசை போய்விட்டது, படகு தங்கிவிட்டது. வெள்ளை நிறக் கண்ணாடியிழைப் படகு. முன்பக்கம் ஒரு மரக்கட்டை, பின்பக்கம் ஒரு மரக்கட்டை, இரண்டின் மேலும் உட்கார்ந்து, கன்வஸ் போர்த்தி உரமூட்டைகளுக்குப் பக்கத்தில் வருடக்கணக்காகக் கிடந்தது. கடலைப் பார்க்க மலையிலிருந்து அரை நாள் இறங்கவேண்டிய ஊரில், பாதி விலைக்கு ஒரு படகு. அதைக் கேள்விப்பட்ட அன்று நிக்கலசுக்கு அது தனக்கென்றே ஏற்றி வைக்கப்பட்டது போலத் தோன்றியதில் வியப்பில்லை.

அவர் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து லோரி ஓட்டியவர். ஓய்வு பெற்றுவிட்டார், வேலையோடு வந்த லைன் வீட்டை இனித் திருப்பித் தரவேண்டும். கைக்கு வந்த பணத்தில் பெரும்பகுதி தலைக்கு மேல் ஒரு கூரைக்குப் போய்விடும். மிஞ்சுவதுதான் படகுக்கு. கடற்கரை ஊர்களில் விற்பனைக்கு இருந்த படகுகளை எல்லாம் விசாரித்துப் பார்த்தாயிற்று. அந்தப் பணத்துக்கு அங்கே துடுப்பும் கயிறும்தான் வாங்கலாம். இதைத் தவிர வேறு வழியில்லை.

எதற்காக இந்தப் பாடு என்று தோட்டத்தில் யாரும் அவரைக் கேட்கவில்லை. எல்லாருக்கும் தெரியும். மகள் பார்பரா, கடலோரப் பந்தாய் ரெமிசில் மீன்பிடிக்கும் யோகேந்திரனைத் தானாகவே தேர்ந்து, கோயிலில் மாலை மாற்றிக்கொண்டாள். மாதா கோயிலில் மணி அடித்து நடக்கவேண்டிய கல்யாணம் என்று நிக்கலஸ் போகவில்லை. பேத்தி பிறந்து நடக்கத் தொடங்கும் வரை பேசவும் இல்லை. பிறகு ஒருநாள் அந்த இளைஞனே மலையேறி வந்து, கருவாட்டுப் பொட்டலம் ஒன்றை இரு கைகளாலும் நீட்டி, “மாமா” என்றான். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவன் அவரிடம் பேசிய வார்த்தைகளை ஒரு தாளில் எழுதினால் பக்கம் நிரம்பாது. அவர் முன்னால் உட்காரமாட்டான். அவர் சொல்வதற்கு மறுசொல் சொல்லமாட்டான். சென்ற வருடம் ஒரு புயற்காற்று, கரையில் கட்டியிருந்த அவனுடைய படகைப் பாறையில் அடித்து நொறுக்கிவிட்டது. இப்போது யாருடைய கொட்டகையிலோ பனிக்கட்டி சுமக்கிறான். சென்ற முறை பார்த்தபோது அவன் உள்ளங்கை இரண்டும் வெளுத்து வெடித்திருந்தன. அதை எவலின் பார்த்தாள். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை.

படகு ஒழுகுமா ஒழுகாதா என்று மலையில் எப்படிப் பார்ப்பது? மிதக்கவிட்டுப் பார்க்கக் கடலா இருக்கிறது? ஆனால் நிக்கலசுக்கு ஒரு வழி தெரியும். தோட்டத்தில் பழைய பூச்சிமருந்துத் தொட்டி வாங்கினால், முதல்நாள் மாலை நிறைய நீர் விட்டு வைப்பார்கள். மறுநாள் காலை, கணக்கெழுதும் கிராணி வந்து அடியில் கைவைத்துப் பார்ப்பார். மண் காய்ந்திருந்தால் தொட்டி தேறிற்று. அவ்வாறே நேற்று மாலை, தவுக்கேயிடம் கேட்டு, மலையூற்றிலிருந்து வரும் குழாயைப் படகுக்குள் போட்டார். தவுக்கே சிரித்துக்கொண்டே குழாயைத் திறந்துவிட்டார். “தண்ணி இங்க காசு இல்ல லா. ஊத்து, ஊத்து.” விளிம்புக்கு ஒரு சாண் இருக்கும்போது நிறுத்தினார்கள். இரவெல்லாம் படகு தன் வயிற்றில் மலைநீரைச் சுமந்துகொண்டு கிடந்தது.

சாலையில் லோரிச் சத்தம் கேட்டது. ஈப்போவில் காய்கறி இறக்கிவிட்டு வெறுமையாகத் திரும்பும் விஜயனின் லோரி. யோகேந்திரன் அதில்தான் வந்தான். படகைக் கீழே கொண்டுபோகப் போவதும் அதே லோரிதான். விஜயன் தலையை வெளியே நீட்டி, கொட்டகையையும் அதற்குள் ததும்பும் படகையும் பார்த்துவிட்டு உரக்கச் சிரித்தான்.

“என்னண்ணே இது! எல்லாரும் கடலுக்குள்ள போட்ட விடுவாங்க. நீங்க போட்டுக்குள்ள கடல விட்டிருக்கீங்க!”

“ஒன் லோரிய நல்லா கழுவி வையிடா. மாப்பிள்ளை போட்டு ஏறப்போற எடம், முள்ளங்கி நாத்தம் அடிக்கக்கூடாது.”

விஜயன் மட்டுமல்ல, எவலினும் சிரித்தாள். யோகேந்திரன் சிரிக்கவில்லை. கையில் பையோடு கொட்டகை வாசலிலேயே நின்றுவிட்டான். நீர் நிரம்பிய படகைப் பார்த்தான். அதைத் தாங்கும் இரண்டு கட்டைகளைப் பார்த்தான். கட்டைகளுக்கு நடுவே எதுவும் இல்லாத இடத்தை வெகுநேரம் பார்த்தான். பிறகு, “எப்ப ஊத்துனீங்க மாமா?” என்று மட்டும் கேட்டான்.

“நேத்து சாயங்காலம். விடிய விடிய வச்சிருக்கேன் மாப்பிள்ள. ஒரு சொட்டு கசியல.”

“தண்ணிய எறக்கிடலாங்களா?”

அவன் குரலில் அவசரம் இருந்தது. பையைக் கீழே வைத்து, பின்பலகைக்கு அடியில் கைவிட்டு அடைப்பானைத் திருகினான். நீர் விரல் பருமனில் பீறிட்டு, வாய்க்காலைத் தேடி முட்டைக்கோஸ் பாத்திகளுக்குள் ஓடியது. மெதுவாகத்தான் வடிந்தது. நீர்மட்டம் இறங்க இறங்கப் படகுக்குள்ளிருந்து, சோம்பல் முறிப்பவன் எலும்பு சொடுக்குவதுபோல ஓசைகள் வந்தன. ஒவ்வொரு ஓசைக்கும் யோகேந்திரன் கண்களை மூடித் திறந்ததை நிக்கலஸ் கவனித்தார். பயணக் களைப்பு என்று எண்ணிக்கொண்டார். எவலின் கொடுத்த தேநீரை அவன் வாங்கிக் குடிக்காமல் கையில் வைத்திருந்தான்.

பார்பரா குழந்தையாக இருந்தபோது தூங்கவைக்க நிக்கலஸ் ஒரு கதை சொல்வதுண்டு. அவரே கட்டியது. மலையாடு ஒன்றுக்கு ஆமை ஒன்று நட்பாம். நண்பனுக்கு நல்ல வீடு ஒன்று பார்த்துக் கொடுக்கவேண்டும் என்று ஆட்டுக்கு ஆசை. ஊரெல்லாம் அலைந்து, உச்சிப் பாறையில் ஒரு குகையைத் தேர்ந்தது. நல்ல காற்று, நாலுபக்கமும் காட்சி. ஆமை மூச்சிரைக்க ஏறி வந்தது. குகையைப் பார்த்தது. பிறகு ஆட்டின் முகத்தைப் பார்த்தது. “நல்ல வீடு” என்றது. கதை இங்கே வரும்போதெல்லாம் பார்பரா எழுந்து உட்கார்ந்துகொள்வாள்: “அப்புறம் ஆமை தண்ணிக்கு என்னா பண்ணிச்சிப்பா?” அதை அவர் யோசித்ததேயில்லை. “தூங்கு, நாளைக்கிச் சொல்றேன்” என்பார்.

நீர் வடிந்து முடிந்தது. யோகேந்திரன் சட்டையைக் கழற்றித் தூணில் மாட்டிவிட்டு, மல்லாந்து படகின் அடியில் நுழைந்தான். விரல் முட்டியால் தட்டத் தொடங்கினான். முன்கட்டை அருகே தட்டினான்: கெட்டியான, உயிருள்ள ஓசை. நடுவில் தட்டினான். பின்கட்டையை ஒட்டித் தட்டினான். அங்கே ஓசை அமுங்கிப்போயிற்று. ஈரத் துணியின் மேல் தட்டியதுபோல. மறுபடியும் தட்டவில்லை. அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்துச் சிறிது நேரம் அப்படியே கிடந்தான்.

வெளியே வந்து முதுகுப் புழுதியைத் துடைத்துக்கொண்டு, படகைப் பார்த்தான். பிறகு நிக்கலசின் முகத்தைப் பார்த்தான்.

“நல்ல போட்டு மாமா.”

“எடுத்துக்கலாம்லா?”

“எடுத்துக்கலாம் மாமா.”

நிக்கலஸ் ஆயுளெல்லாம் லோரி ஓட்டியவர். மலைப்பாதையில் இறங்குவதற்கு முன் ஒவ்வொரு டயரையும் கட்டையால் தட்டிப் பார்த்தவர். நல்ல டயர் ஒரு குரலில் பேசும். உள்ளே நூல் விட்ட டயர் வேறு குரலில் பேசும். கொழுந்துக் கூடைகளோடு லோரிக்குப் பின்னால் பெண்கள் ஏறி உட்கார்ந்திருக்கும் நாட்களில் அந்தக் குரலை அவர் ஒருமுறையும் கேளாததுபோல் இருந்ததில்லை. இப்போது கேட்டது அந்தக் குரல்தான். கேட்டது தன் காதுதானா என்று அவருக்கே சந்தேகமாக இருந்தது. சந்தேகமாகவே இருக்கட்டும் என்று ஒரு கணம் வேண்டிக்கொள்ளவும் செய்தார்.

அந்நேரம் பார்த்துத் தொலைபேசி ஒலித்தது. பார்பரா.

“அப்பா, பாத்துட்டாரா? என்னா சொன்னாரு?”

“நல்ல போட்டுன்னாரு.”

மறுமுனையில் குழந்தை எதையோ தரையில் போட்டு உருட்டும் சத்தம் கேட்டது.

“அப்பா, ஒங்ககிட்ட அவரு எதையுமே நல்லால்லன்னு சொல்லமாட்டாருப்பா. நீங்க அன்னைக்கிக் கொடுத்த செருப்பு ரெண்டு சைஸ் சின்னது. கால்ல போட்டுட்டே வீடு வந்து சேர்ந்தாரு.”

நிக்கலஸ் தொலைபேசியைச் சட்டைப்பையில் போட்டார். எவலின் தவுக்கேயின் வீட்டுப் பக்கம் போயிருந்தாள், வந்து பார்க்கச் சொல்வதற்காக. விஜயன் லோரியின் பின்கதவைத் திறந்து கயிறுகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். நிக்கலஸ் மீண்டும் முழங்காலிட்டு, முதுகைத் தரையில் சாய்த்து, படகின் அடியில் நகர்ந்தார். பின்கட்டையை ஒட்டி மேலே பார்த்தார். வெள்ளைப் பூச்சில், சிலந்தி அப்போதுதான் கட்டி முடித்ததுபோல, மெல்லிய கோடுகள் ஒரு மையத்திலிருந்து விரிந்திருந்தன. பழைய கோடுகளாக இருந்தால் அழுக்கு ஏறியிருக்கும். இவை சுத்தமாக இருந்தன.

“மாப்பிள்ள, இங்க வாங்க.”

யோகேந்திரன் வந்து பக்கத்தில் குந்தினான்.

“இது நேத்து இல்ல. தண்ணி ஊத்துனதாலயா?”

“தெரியல மாமா.”

“கடலுக்குப் போறது நானா, நீங்களா? சொல்லுங்க.”

அவன் மண்ணைக் கிள்ளிக்கொண்டிருந்தான். “கடல்ல தண்ணி வெளியேர்ந்து போட்ட தாங்கும் மாமா. எல்லாப் பக்கமும் கைகொடுக்கும். இங்க உள்ளேர்ந்து அமுக்கிருக்கு, கீழ ரெண்டு கட்டைதான். பாரம் தாங்காம உள்ளுக்குள்ள அடுக்கு விட்டுப்போச்சு.” பிறகு அவசரமாகச் சேர்த்துக்கொண்டான்: “நான் ஒட்டிக்கிடுவேன் மாமா. பைபர் வாங்கி ரெண்டு அடுக்கு போட்டா நிக்கும். கரைய விட்டு ரொம்பத் தூரம் போகமாட்டேன். காத்துக்காலத்துல எறங்கமாட்டேன்.”

“நிக்குமா?”

நல்லது என்று சொல்லத் தெரிந்தவனுக்கு ‘நிக்கும்’ என்ற அந்த ஒரு சொல் மட்டும் வாயில் வரவில்லை. நிக்கலசுக்கு மீதி எல்லாம் விளங்கிற்று. தவுக்கேயிடம் உண்மையைச் சொன்னால், கெடுத்தது நீதானே, எடுத்துக்கொள் என்பார், அது நியாயம். அப்போது பணமும் போகும், இவன் இதில்தான் கடலுக்குப் போவான். சொல்லாமல், பிடிக்கவில்லை என்று திரும்பிப் போகலாம். அடுத்து வாங்குகிற எவனோ ஒருவன், அவனுக்கும் ஒரு மாமனார் இருப்பார், இதே படகில் இறங்குவான். பனிக்கட்டிக் கொட்டகையில் வெடித்த உள்ளங்கைகள் மறுபடியும் பனிக்கட்டிக்கே போகும்.

“பார்பராகிட்ட சொல்லாதீங்க மாமா” என்றான் யோகேந்திரன், தாழ்ந்த குரலில். “பயந்துக்கும்.”

“நான் தவுக்கேகிட்ட சொல்றேன்” என்றார் நிக்கலஸ். “நான்தான் ஊத்துனேன், நான்தான் சொல்லணும். என்னா கேட்டாலும் கேக்கட்டும். ஆனா நீங்க இதுல ஏறமாட்டீங்க. ஏறமாட்டேன்னு சொல்லுங்க.”

அவன் தலைகுனிந்தான். அது சம்மதமா, வழக்கமான மரியாதையா என்று அவரால் பிரித்தறிய முடியவில்லை. இத்தனை வருடம் மறுசொல் பேசாதவனிடம் இப்போது ஒரு மறுசொல்லுக்காக அவர் ஏங்கினார்.

மலைக்கு மேலிருந்து மூடுபனி இறங்கி வந்தது. பாத்திகள் ஒவ்வொன்றாக மறைந்தன. விஜயனின் லோரி மறைந்தது. சீட்டியடித்துக்கொண்டு அவன் கயிறு பிரிப்பது மட்டும் கேட்டது. வரப்பின் மேல் எவலினும் தவுக்கேயும் வந்துகொண்டிருந்தார்கள். தவுக்கேயின் கையில் படகின் இன்ஜின் சாவி ஆடியது. தூரத்திலிருந்தே அவர் குரல் வந்தது: “எப்படி? நான் சொன்னேன் லா, தண்ணி போகாது! பாகுஸ் போட், நல்ல போட்!”

நிக்கலஸ் எழுந்திருக்கவில்லை. அந்தக் கோடுகளின் மேல் உள்ளங்கையை ஒட்டிவைத்தபடி கிடந்தார். படகு வடிந்து காலியாகிவிட்டது. உள்ளே ஒரு குவளை நீர்கூட இல்லை. இருந்தும் கோடுகள் கூடும் அந்த மையத்தில், அடுக்குகளுக்கு நடுவே எங்கோ தங்கியிருந்த குளிர்ந்த மலைநீர் மெல்லத் திரண்டு அவர் விரலிடுக்கில் நுழைந்து, மணிக்கட்டு வழியாக இறங்கி, விடியற்காலையில் அவர் தொட்டு மகிழ்ந்த காய்ந்த மண்ணில் சொட்டியது. பிறகு இன்னொரு சொட்டு.