வெள்ளைப் பூ வந்தால் கொழும்பு

"பினாங்கா, கொழும்பா? எடுங்க மச்சான்!" என்றான் வெள்ளைச்சாமி.

குளத்தூர்க் காளி சந்நிதியில் இரண்டு வாழைச்சருகுப் பொட்டலங்கள். ஒன்றில் செவ்வரளி, மற்றதில் நந்தியாவட்டை. சிவப்பு வந்தால் தங்கமுத்து மட்டும் பினாங்கு போவான். வெள்ளிக்கிழமையே நாகப்பட்டினத்தில் கப்பல். வெள்ளை வந்தால் பங்குனி கழித்து, தங்கை புருஷன் வெள்ளைச்சாமியையும் கூட்டிக்கொண்டு கொழும்பு.

தங்கமுத்து மடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான். மடியில் பினாங்குக் கடைக்காரர் ஆத்மநாதன் போட்ட கடுதாசி. 'கடைக்கு ஒரே ஒரு ஆள்தான் வேண்டும். இதைக் காட்டினால் நாகப்பட்டினம் ஏஜெண்டு டிக்கெட் கொடுப்பார்.' மூன்று வருஷமாக மழை ஏமாற்றிய நிலத்திலிருந்து தப்ப அது ஒன்றுதான் வழி. ஆனால் மாப்பிள்ளையை விட்டுவிட்டுத் தான் மட்டும் போவதா? அந்த உறுத்தலைப் பார்த்துத்தான், "ஆத்தாகிட்டப் பூக்கட்டிக் கேப்போம்" என்று வெள்ளைச்சாமி இழுத்து வந்திருந்தான்.

தங்கமுத்து கண்ணை மூடி ஒன்றை எடுத்தான். பிரித்தான்.

நந்தியாவட்டை!

"ஆத்தா சொல்லிட்டா! கடுதாசிய இங்கிட்டுக் குடுங்க. நீங்க வரலைன்னு நானே பதில் எழுதிப் போட்டுர்றேன்."

கொடுத்தான். காளி சொன்ன பிறகு என்ன பேச்சு?

மறுநாள் காலை பூசாரி பிச்சை வழிமறித்தார்.

"எடுக்காத பொட்டலம்ப்பா. பிரிக்காமக் கெணத்துல போடச் சொல்லி ஒங்க மாப்ளே குடுத்தாரு, மறந்துட்டேன். நீயே போட்டுரு."

கிணற்றடியில் தங்கமுத்துவின் கை தயங்கியது. கிடைக்காமல் போன பினாங்கை ஒரு தரமாவது பார்த்துவிடலாமே! நாரை அவிழ்த்தான்.

வாடிப்போயிருந்தது. ஆனால் சிவப்பு இல்லை. இதுவும் நந்தியாவட்டை!

ஒரே ஓட்டமாகத் தங்கை வீட்டு வாசலில் போய் நின்றான். ராசாத்தி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள்.

"எங்க ஒன் புருஷன்?"

"கருக்கல்லயே கெளம்பிட்டாரு. கீரனூருல நாகப்பட்டினம் பஸ்ஸு."

"கடுதாசி?"

ராசாத்தி இன்னும் வேகமாகப் புடைத்தாள். அவன் குரல் இறங்கியது.

"பொட்டலம் கட்டுனது யாரு ராசாத்தி?"

"நாந்தாண்ணே." அவள் நிமிரவே இல்லை. "ஒனக்குப் பொண்டாட்டியா, புள்ளையா? எனக்கு ரெண்டு கெடக்கே."

அவன் கையிலிருந்த பூ அவள் முறத்தில் உதிர்ந்தது. கல்லைப் பொறுக்குவதுபோல் அதை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எறிந்தாள் அவள்.

"நீ கொழும்புக்குப் போண்ணே. பங்குனிக்குத்தான் இன்னும் நாளு இருக்கே."