பிலோமி வாங்கிய பூட்ஸ்

எழுபத்திரண்டாம் வருஷம் அம்புரோஸ் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் வாங்கினான். அன்றிலிருந்து அவன் பெண்சாதி பிலோமியின் வீட்டில் தீப்புண்ணுக்குப் போடும் பர்னால் டியூப் தங்கவே இல்லை. கல்மண்டபத்திலிருந்து எர்ணாவூர் இரும்புப் பட்டறைக்கு அந்த மகராசன் ரப்பர் செருப்போடு போவான், ரப்பர் செருப்போடு வருவான். சைலன்சர் கணுக்காலைச் சுட்டது. கிக்கர் திருப்பி அடித்து முன்காலில் தோலை உரித்தது. போன வாரம் ரயில்வே கேட்டில் காலை ஊன்றப் போனபோது செருப்பு ஜல்லியில் வழுக்கிப் பறந்தது, கட்டைவிரல் நகமும் கூடவே போனது. கல்யாணமான நாளிலிருந்து அந்தக் கால்களைப் பிடித்துவிடுகிறவள் பிலோமி. அவளுக்குக் கோபம் வராமல் இருக்குமா?

"ஒரு பூட்ஸு வாங்கிப் போட்டா இன்னாயா?"

"அய்ய, எங்க வூட்டு ஆம்பளைங்க ரெண்டு தபாதான் பூட்ஸு போடுவாங்க. மாப்ளயா கோயில்ல நிக்க சொல்லோ ஒன்னு, பெட்டில படுக்க சொல்லோ ஒன்னு. ரெண்டாவதுக்கு இன்னாமே அவசரம்?"

அவன் சொன்னது பொய்யில்லை. அந்தத் தெருவில் கடலுக்குப் போகிறவர்களும் ஹார்பரில் மூட்டை தூக்குகிறவர்களும் வெறுங்காலோடு நடந்தே காலத்தை ஓட்டிவிடுவார்கள். ஆள் போய்விட்டால் மட்டும் கோட்டு மாட்டி, வெள்ளை சாக்ஸும் கறுப்பு பூட்ஸும் போட்டுத்தான் பெட்டியில் வைப்பார்கள். அம்புரோஸ் சிரித்துக்கொண்டே சொன்னாலும் உள்ளுக்குள் அவனுக்கு பூட்ஸ் என்றால் பயம். பிலோமிக்கோ, இன்று நகம் போனது, நாளைக்குக் கால் போய்விடுமே என்று பயம்.

அவள் மறுபடி கேட்கவில்லை. அவன் தூங்கும்போது ஒரு ஈர்க்குச்சியை உள்ளங்காலோடு வைத்து அளவுக்கு ஒடித்துக்கொண்டாள். சனிக்கிழமை, கப்பல்காரர்கள் விற்றுவிட்டுப் போகும் சாமான்களை விற்கிற காத்தூன் பீவியின் கடைக்குப் போனாள்.

பீவி பளபளவென்று ஒரு ஜோடியை நீட்டினாள். "ஜோரா கீது பாரும்மா."

"கணுக்கால் வெளிய தெரியுதே பீவிம்மா. சூடு அங்கதான் வைக்குது."

அடுத்ததற்கு அடிப்பாகம் வழவழவென்று இருந்தது, கேட்டில் அதுவும் வழுக்கும். கடைசியில் மூலையிலிருந்து ஒரு முரட்டுக் கறுப்பு ஜோடி வந்தது. கணுக்காலுக்கு மேலே ஏறிய தடித்த தோல், பள்ளம் பள்ளமாக வெட்டிய அடிப்பாகம். முனையைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தாள், மசியவில்லை. ஆணி ஏதும் குத்துமோ என்று கையை உள்ளே விட்டுத் துழாவினாள். ஈர்க்குச்சியும் சரியாக உட்கார்ந்தது.

"யாருக்கும்மா, போலீஸ்காரருக்கா?"

"எங்க வூட்டுக்காரருக்கு. போலீஸே தேவல."

பீவி சிரித்து, ஒரு ஜோடி வெள்ளை சாக்ஸைச் சும்மாவே உள்ளே திணித்துக் கொடுத்தாள்.

சுற்றிக் கொடுக்கக் காகிதம் இல்லை. பூட்ஸை விரலில் தொங்கவிட்டுக்கொண்டு, அவனை எப்படிச் சம்மதிக்க வைப்பது என்று வாய்க்குள் முணுமுணுத்தபடி, அக்கம்பக்கம் பாராமல் நடந்தாள் பிலோமி. எதிர்வீட்டு எல்சி பார்த்தாள். கறுப்பு பூட்ஸ், வெள்ளை சாக்ஸ், செபம் சொல்வது போல அசையும் உதடு. எல்சிக்கு அது போதும். அந்தத் தெருவில் இதையெல்லாம் வாய்விட்டுக் கேட்கமாட்டார்கள். வந்து கட்டிக்கொண்டு அழுவதுதான் மரியாதை.

பிலோமி பூட்ஸை வாசலில் வைத்து நிமிர்வதற்குள் நாலு பெண்களோடு வந்து விழுந்தாள் எல்சி. "ஐயோ பிலோமிக்கா! இப்டி வுட்டுட்டுப் பூட்டாரே அம்புரோஸண்ணன்!"

பிலோமி வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பட்டறையிலிருந்து சேதி இவர்களுக்குத்தான் முதலில் வந்திருக்கிறது என்று நினைத்துவிட்டாள். எங்கே விழுந்தான் என்றுகூடக் கேட்காமல் அலறினாள். அவள் போட்ட அலறலில் எல்சிக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போயிற்று.

"நேத்தே வாங்கினு வந்திருக்கக் கூடாதா நானு!" என்று தலையில் அடித்துக்கொண்டாள் பிலோமி. ஒருவருக்கும் புரியவில்லை. ஒப்பாரியில் யார் அர்த்தம் பார்த்தார்கள்? துக்கத்துக்கு வருகிறவர்கள் உட்கார பெஞ்சு வந்தது. துக்கமணி அடிக்கச் சொல்ல ஒருத்தி கோயிலுக்கு ஓடினாள்.

மணி அடிப்பதற்குள் மோட்டார் சைக்கிள் வந்துவிட்டது. அம்புரோஸ் அலறியடித்துக்கொண்டு இறங்கினான். "யாருமே பூட்டது?"

எல்சி வாயைப் பொத்திக்கொண்டாள். பிலோமி எழுந்து வந்து அவன் நெஞ்சில் ரெண்டு குத்துக் குத்தினாள். பிறகு தெருவென்றும் பாராமல் கீழே உட்கார்ந்து, புழுதியும் காயமுமாக இருந்த அந்தக் கால்களைக் கட்டிக்கொண்டு அழுதாள். அதுவரை அழுததெல்லாம் அதன் முன் ஒன்றுமே இல்லை.

வாசலில் இருந்த பூட்ஸை அம்புரோஸ் பார்த்தான். விஷயம் புரிந்துவிட்டது. மற்றவர்கள் சிரிக்க ஆரம்பித்தார்கள், அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. தான் போனால் இவள் என்ன ஆவாள் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டான். 

துக்கத்துக்குப் போட்ட பெஞ்சிலேயே உட்கார்ந்து பூட்ஸுக்குள் காலை நுழைத்தான். பிலோமி கண்ணைத் துடைத்துக்கொண்டு கயிற்றைக் கட்டக் குனிந்தாள். அவன் அவள் கையை மெல்ல விலக்கினான்.

"வுடுமே. செத்தவனுக்குத்தான் அடுத்தவங்க கட்டி வுடணும்."

பாவம், அவனுக்கு முடிச்சுப் போடத் தெரியாது. துக்கத்துக்கு வந்த அத்தனை பேரும் சுற்றி நின்று பார்க்க, வியர்த்து விறுவிறுத்துத் தானே கட்டினான். எழுந்து ஒரு அடி வைத்ததும் அவிழ்ந்துவிட்டது. மறுபடியும் உட்கார்ந்து கட்டினான்.