மூன்று நாள் கூலி

சோபாக்காரர் வீட்டில் சோபா இல்லை. ஹாலில் அது கிடந்த இடத்தில் நான்கு கால்களின் தடம் மட்டும் தரையில் பதிந்திருந்தது. சுற்றிலும் வெயில் பட்டு மங்கிப்போன தரை, நடுவில் புதுசு போல ஒரு நீளமான கட்டம். அந்தக் கட்டத்துக்குள் இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகள்.

"துணி மாத்தக் குடுத்திருக்கோம்," என்றார் சோபாக்காரர். நான் ஒன்றும் கேட்கவேயில்லை. உள்ளே இருந்த மனைவியின் காதில் விழட்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொன்னார்.

ஊருக்கெல்லாம் சோபா விற்றவர் அவர். கடை மூடி ஏழு மாதம் ஆகியிருந்தது. வீடு பேங்கில் இருந்தது. நாற்பது நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் ஏலம் என்று நோட்டீஸ் வந்த மறுநாள் எனக்குப் போன் செய்தார். அவருடைய கடைக்கு நான்தான் இரண்டு தடவை பெயிண்ட் அடித்தவன். சொந்த வீடு தேடிக்கொண்டிருக்கிறேன் என்று எப்போதோ ஏணி மேலிருந்து சொன்னதை ஞாபகம் வைத்திருந்தார். விலையைக் கேட்டதும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னேன். அவ்வளவு குறைவு. ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"என் வீட்டுக்காரிக்குத் தெரியக்கூடாது. அவளுக்குப் பி.பி. இருக்கு, தாங்க மாட்டா. பத்திரம் முடிஞ்சப்புறம் நானே பக்குவமா சொல்லிக்கிறேன். நீங்க பெயிண்டராவே வாங்க. வீட்டுக்கு வெள்ளையடிக்கணும், பாக்க வந்திருக்கார்னு சொல்லிடறேன்."

சரியான தொடைநடுங்கி என்று நினைத்துக்கொண்டேன். முப்பத்தைந்து வருஷம் கூட வாழ்ந்தவளிடம் வீடு போகிறது என்று சொல்ல வாய் வரவில்லை, இவரெல்லாம் ஒரு ஆண்பிள்ளையா? ஆனால் நினைத்ததை வெளியே சொல்லவில்லை. வீடு வேண்டியிருந்தது.

கல்யாணமான இருபத்திரண்டு வருஷத்தில் பதினொரு வாடகை வீடு பார்த்துவிட்டோம். என் தொழிலே எனக்கு எதிரி. குடிபோனதும் கை சும்மா இருக்காது, சுவரைச் சுரண்டிப் பட்டி பார்த்து நன்றாக அடித்து வைப்பேன். வீடு பளபளவென்று ஆனதும் ஓனர் வந்து சுற்றிப் பார்த்துவிட்டு வாடகையை ஏற்றுவார். இப்போது இருப்பது மூன்றாவது மாடி. தண்ணீர் இரண்டாவது மாடியோடு நின்றுவிடும். என் மனைவி ஆஸ்பத்திரியில் சலவைப் பிரிவில் வேலை செய்கிறாள். பகல் முழுக்க ஈரத்துணி தூக்கிவிட்டு, சாயங்காலம் குடத்தையும் தூக்கிக்கொண்டு படி ஏறுவாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு அவள் நடுப்படியில் நிற்பதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு என் மேலேயே வெறுப்பு வரும்.

அவளும் ஒரு நிபந்தனை வைத்திருந்தாள். அவளுக்குப் பதினொரு வயதில் அவள் அப்பாவின் வீட்டை ஜப்தி செய்து சாமானையெல்லாம் தெருவில் இறக்கி வைத்தார்கள். அன்றைக்கு மழை. புத்தகப் பை நனைந்து ஊறிக் கிடந்ததை இன்றைக்கும் சொல்லுவாள். "அழுதுக்கிட்டே போனவங்க வீடு நமக்கு வேண்டாங்க. எவ்வளவு சல்லிசா வந்தாலும் வேண்டாம்," என்பாள்.

அதனால் நான் ஒரு பொய் சொன்னேன். "அவங்களுக்கு ஒரே பொண்ணு. பொண்ணு வீட்டோட போய் இருக்கப்போறாங்களாம். சந்தோஷமாத்தான் விக்கிறாங்க." அவள் சரி என்றாள். சோபாக்காரர் சொல்லும் பொய் வேறு, நான் சொன்ன பொய் வேறு என்று வைத்துக்கொண்டேன். அவர் கோழைத்தனத்தில் சொன்னார், நான் அவள் முழங்காலுக்காகச் சொன்னேன்.

வீடு பார்க்கப் போன அந்த முதல் நாள், சோபாக்காரர் என்னை மனைவியிடம் அறிமுகம் செய்தார். "பெயிண்டர். வீட்டைப் பாக்க வந்திருக்கார்." அந்த அம்மா ஈரக்கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னை ஒரு தடவை பார்த்தாள்.

"அப்படியா," என்றாள்.

நல்ல வீடு. பெரிதில்லை, ஆனால் கிழக்கே இரண்டு ஜன்னல், சமையலறையில் நிற்க இடம், முக்கியமாக எல்லாம் தரைத்தளம். என் முகத்தில் பல் தெரியாமல் பார்த்துக்கொள்வதே பெரும் பாடாக இருந்தது. ஒவ்வொரு அறையாகப் போனேன், மொட்டைமாடிக்கும் போய்ப் பார்த்தேன். அந்த அம்மா பின்னாலேயே வந்தாள்.

இரண்டு நாள் கழித்து அவளே போன் செய்தாள். "தம்பி, எப்ப வேலையை ஆரம்பிக்கிறீங்க? ஹால் மட்டும் போதும்." நான் சோபாக்காரரைக் கூப்பிட்டுக் கத்தினேன். "என்ன சார் இது, நிஜமாவே அடிக்கச் சொல்றாங்க!" மறுமுனையில் அவர் அழாத குறைதான். "அடிச்சுடுங்க பெயிண்டரே. இல்லேன்னா சந்தேகம் வந்துடும். உங்க காலைக்கூடப் பிடிக்கிறேன்."

போனேன். வேலையின் முதல் நாள் முழுக்கச் சுரண்டலும் பட்டியும்தான். சாயங்காலம் மூன்று நிறத்தைச் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு அடித்துக் காட்டினேன், வெளிர் நீலம், இளம் பச்சை, வெண்ணெய் மஞ்சள். ஈரத்தில் பார்த்து நிறத்தை முடிவு செய்யக்கூடாது, காய்ந்தால் வேறு மாதிரி தெரியும். காலையில் சொல்லுங்கள் என்று கிளம்பினேன்.

மறுநாள் சோபாக்காரர் வக்கீலைப் பார்க்கப் போயிருந்தார். வீட்டில் அந்த அம்மா மட்டும். நான் உப்புத்தாளைத் தேய்த்துக்கொண்டிருந்தேன், அவள் நாற்காலியில் உட்கார்ந்து பழைய செய்தித்தாளைத் தரைக்கு விரிக்கப் பிரித்துக் கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு தாளையும் மடிப்பு நீவிக் கொடுத்தாள், ஒரு சொட்டுப் பெயிண்ட்கூடத் தரையில் விழக்கூடாதாம். பத்து நாளில் அவளுக்குச் சொந்தமில்லாமல் போகிற தரை. எனக்குத் தாங்கவில்லை. வீடு கைநழுவிப் போனாலும் போகட்டும் என்று உப்புத்தாளைக் கீழே போட்டேன்.

"அம்மா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லாதீங்க தம்பி," என்றாள், தாளிலிருந்து தலையை எடுக்காமல். "நீங்க வீடு வாங்க வந்தவர்னு அன்னைக்கே தெரியும்."

கீழே போட்ட உப்புத்தாளைக் குனிந்து எடுத்தேன்.

"எந்தப் பெயிண்டர் குழாயைத் திறந்து தண்ணி கலங்கலா வருதான்னு பாக்கிறான்? மாடிக்குப் போய் தொட்டி மூடியைத் தூக்கிப் பாத்தீங்க. சமையல்ரூம்ல நின்னு கையை வீசிப் பாத்தீங்க. சுவரைத் தவிர எல்லாத்தையும் பாத்தீங்க."

இருபத்தெட்டு வருஷம் தொழில் செய்தவனுக்கு இதைவிட வேறு அவமானம் வேண்டாம்.

"அப்ப சோபா?"

"துணி மாத்தறதுக்குப் போச்சாம். அது பின்னாடியே கண்ணாடி பீரோவும் போச்சு. பீரோவுக்கு என்ன துணி மாத்துவாங்க?" அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, அதே தாளால் கண்ணையும் துடைத்துக்கொண்டாள்.

"ஏம்மா, அவரைக் கேட்டுடலாமே?"

அடுத்த தாளைப் பிரித்து மடிப்பை நீவினாள். "கடை போச்சு. வண்டி போச்சு. கூட்டாளி போனையே எடுக்கிறதில்லை. என் காதுல படாம எல்லாத்தையும் ஒத்தையா தாங்கிக்கிட்டு இருக்கோம்ங்கிற பெருமை ஒண்ணுதான் தம்பி அவர்கிட்ட மிச்சம். அதையும் நானே பிடுங்கணுமா? அவரா சொல்லட்டும். அது வரைக்கும் எனக்கு ஒண்ணும் தெரியாது. நீங்களும் யார்கிட்டயும் மூச்சு விடாதீங்க."

தொடைநடுங்கி என்று அவரை நினைத்தது எனக்கு ஞாபகம் வந்தது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

"பின்னே எதுக்கும்மா இந்த ஹாலை அடிக்கச் சொன்னீங்க?"

"அழுக்குச் சுவரா ஒருத்தி கையில குடுக்க மனசு வரல. நான் வந்தப்ப இது நல்லா இருந்துச்சு." எழுந்து வந்து மூன்று நிறக் கட்டத்துக்கும் முன்னால் நின்றாள். "உங்க வீட்டம்மாவுக்கு எது பிடிக்கும்?"

"அவ ஆஸ்பத்திரியில வேலை பாக்கிறா. பச்சையும் நீலமும் பாத்துப் பாத்து அலுத்துப் போச்சும்பா. இந்த வெண்ணெய் மஞ்சள்தான் அவளுக்கு இஷ்டம்."

"அப்ப அதையே அடிங்க."

மூன்றாம் நாள் சாயங்காலம் வேலை முடிந்தது. சோபாக்காரர் வந்து சுவரைப் பார்த்து, "அட, பிரமாதம்!" என்று தேவைக்கு மேலேயே வியந்தார். அந்த அம்மா ஒரு கவரை நீட்டினாள். மேலே பேனாவால் எழுதியிருந்தது: பெயிண்டருக்கு, மூன்று நாள் கூலி.

"வேண்டாம்மா, அப்புறம் வாங்கிக்கிறேன்..."

"செஞ்ச வேலைக்குக் கூலி வாங்காம யாராவது போவாங்களா?" என்று என்னை நேராகப் பார்த்தாள். பக்கத்தில் சோபாக்காரர், வாங்கிக்கொள்ளுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினார். இரண்டு பேருக்கு நடுவில் நின்று, நான் வாங்கப்போகும் வீட்டுக்கு நானே பெயிண்ட் அடித்து, அதற்கு அந்த வீட்டை இழக்கப்போகிறவள் கையிலிருந்தே கூலி வாங்கினேன். கவரை மடித்துக் கால்சட்டைப் பையில் திணித்துக்கொண்டு வெளியே வந்து வெகுநேரம் சைக்கிளை மிதிக்காமல் தள்ளிக்கொண்டே நடந்தேன்.

அடுத்த வாரம் பத்திரம் பதிவானது. அதற்கு ஒரு வாரம் கழித்து, சாவி கொடுக்க வந்தபோது சோபாக்காரர் என்னைத் தனியே அழைத்தார். கண் கலங்கியிருந்தது, ஆனால் தோள் நிமிர்ந்திருந்தது.

"முந்தாநாள்தான் சொன்னேன் பெயிண்டரே. அப்படியே உறைஞ்சு போயிட்டா. பாதி ராத்திரி வரைக்கும் அழுதா. நான்தான் பக்கத்துல உக்காந்து தேத்தினேன். தாங்கிட்டா. ரெண்டு ரூம் பாத்திருக்கேன், எனக்கு அது போதும்னுட்டா."

"நீங்க இருக்கீங்கங்கிற தைரியம்தான் சார்," என்றேன். வாசலில் மினி லாரியில் சாமான் ஏற்றி முடித்திருந்தார்கள், ஒரு மழைக்கு நனைகிற அளவு சாமான்கூட இல்லை. டிரைவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அந்த அம்மா என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தாள்.

மறுநாள் காலை என் மனைவியைக் கூட்டிக்கொண்டு போனேன். வாசல்படி ஒன்றே ஒன்று. அதைக்கூட அவள் பழக்கத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டுதான் ஏறினாள். ஹாலுக்குள் நுழைந்ததும் நின்றுவிட்டாள். கிழக்கு ஜன்னல் வெயில் மஞ்சள் சுவர் மேல் விழுந்துகொண்டிருந்தது. கிட்டே போய் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள், மூக்கை வைத்தும் பார்த்தாள்.

"சாவி நேத்துதானே வந்துச்சு?"

"ஆமா."

"வாசனையே இல்லையே. இது அடிச்சு ரெண்டு வாரம் இருக்கும்." பெயிண்டரின் மனைவியிடம் நான் பேசிக்கொண்டிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"அது... அவங்க இருக்கும்போதே அடிச்சது. அவங்களுக்கும் இந்த நிறம்தான் பிடிக்குமாம்."

"அப்படியா," என்றாள்.

அதே சொல், அதே பார்வை. முழங்காலுக்காகச் சொன்ன பொய், இத்தனை நாள் யாருடைய தயவில் நின்றுகொண்டிருந்தது?

அவள் கைப்பையைத் திறந்து ஒரு கவரை எடுத்து ஜன்னல் விளிம்பில் வைத்தாள். மடிப்பு கலையாத அதே கூலிக் கவர். சலவைப் பிரிவில் இருப்பவள், பையைத் துழாவாமல் என் கால்சட்டையையும் ஊற வைக்க மாட்டாள். அதைக் காணாமல் நான் தேடியதும், கீழே எங்கோ விழுந்துவிட்டது என்று நினைத்து மனசுக்குள் கொஞ்சம் நிம்மதிகூடப் பட்டதும் ஞாபகம் வந்தது.

"அவங்க இப்ப போயிருக்கிற ரெண்டு ரூம் விலாசத்தையும் விசாரிச்சு வச்சிருக்கேன்," என்றாள். "நான் போய் அந்தம்மாவைப் பாக்கணும். அதுக்கு முன்னாடி..."

தரையில் சோபாவின் நான்கு தடங்களுக்கு நடுவே மெல்ல உட்கார்ந்து, பக்கத்தில் எனக்கும் இடம் காட்டினாள்.

"நீங்களா சொல்லுங்க," என்றாள்.