சம்பந்தி வீட்டு நெல்லிக்காய்

பாளையம்பட்டியில் எனக்கு ஒரு தேன் நெல்லிக் கம்பெனி இருக்கிறது. கம்பெனி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். தகரக் கூரை, நாலு அடுப்பு, வேலைக்கு ஆறு பெண்கள். காய் வருவது பரளச்சியில் இருக்கும் என் சம்பந்தி தவசியின் தோட்டத்திலிருந்து. வினையே அங்கேதான்.

மரத்தில் பறித்ததை மேலேயும், தரையில் விழுந்து பூசணம் பிடித்ததை அடியிலும் போட்டுத்தான் அவர் மூட்டை கட்டுவார். ஒரே ஒரு முறை, "அடியில கொஞ்சம் நசுங்கியிருக்குண்ணே" என்று சிரித்துக்கொண்டே சொன்னேன். அந்தப் பொங்கலுக்கு என் மகள் தங்கச்செல்வியை அவர்கள் தாய்வீட்டுக்கு அனுப்பவில்லை. அதோடு வாயை மூடிக்கொண்டேன். அவர் மூட்டையில் பாதியைக் குப்பையில் கொட்டிவிட்டு நல்ல காய்க்கு அலைவதே பிழைப்பாகிப் போனது. பெண்ணைக் கொடுத்தவள் வேறென்ன செய்ய முடியும்?

போன செவ்வாய்க்கிழமை லோடோடு அவரே வந்து, உட்கார்ந்து காப்பி குடித்துக்கொண்டிருந்தார். வாசலில் ஜீப் வந்து நின்றது. உணவுப் பாதுகாப்பு அலுவலர் ஜெகதீஸ்வரன்.

"கனகலட்சுமி நீங்கதானம்மா? அழுகல் காய் போடுறதா புகார் வந்திருக்கு."

அவர் அடுப்படியைப் பார்த்தார், பாட்டில்களைத் திறந்து பார்த்தார். கடைசியில், பிரிக்காமல் கிடந்த மூட்டை ஒன்றைக் கவிழ்த்தார். பூசணக் காய்கள் தரையெங்கும் உருண்டன. பெண்கள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டார்கள்.

"இது எங்க வாங்குனது?"

சொன்னால் மகள் பாடு திண்டாட்டம். சொல்லாவிட்டால் லைசென்ஸ் போய்விடும். சம்பந்தி டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"கேக்கவா வேணும் சார்? எவனோ களவாணிப்பய ஏமாத்திப்புட்டான். பூராத்தையும் கொட்டிப் பொதைங்க!"

சிரிப்பதா அழுவதா என்று எனக்குத் தெரியவில்லை. பின்பக்கம் குழி வெட்ட இடம் காட்டியதும் அந்த மனிதர்தான். அழுகலைத் தள்ளி, பிளீச்சிங் பவுடரைக் கொட்டி மூடினார்கள்.

"பாட்டில்ல இருக்கிறது சுத்தமா இருக்கு. அதனால நோட்டீஸோட விடுறேன்" என்று சொல்லிவிட்டு அலுவலர் கிளம்பினார். அவருக்கு முன்னாலேயே சம்பந்தி கிளம்பியிருந்தார்.

சாயங்காலம் பயந்து பயந்து மகளுக்குப் போன் போட்டேன்.

"மாமா ஏதும் சத்தம் போட்டாகளாடி?"

"கீழ விழுந்த காயத் தொட்டா கவர்மெண்டு உள்ள தூக்கி வச்சிரும்னு ஆளுகளுக்கு வகுப்பு எடுத்துட்டிருக்காகம்மா." அவளுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "நீயா வாயத் தெறக்க மாட்ட. அதான் புகார் நம்பருக்கு நானே அடிச்சேன்."

"அடிப்பாவி! லைசென்ஸு போயிருந்தா?"

"மொதத் தடவ நோட்டீஸுதான்னு வெசாரிச்சிட்டுத்தான் அடிச்சேன்."

"அவுகளுக்குத் தெரிஞ்சா உன்னை என்ன பாடு படுத்துவாக?"

"படுத்தட்டும், பாத்துக்கிறேன். எனக்காக நீ பயந்தது போதும்மா."

இத்தனை நாளும் அவள் அங்கே பயந்து பயந்து வாழ்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன். போனைப் பிடித்தபடியே விம்மி அழுதுவிட்டேன். அடுப்படியிலிருந்து பெண்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள். ஒன்றுமில்லை, என் மகள் நன்றாக இருக்கிறாள் என்றேன்.