புங்கன்கண்டிகை ஹால்ட்டில் பேய்

எட்வர்ட் தன் யூடியூப் சேனலுக்குப் பேய் தேடிக் கிளம்பினான். போனைப் பிடிக்க மனைவி மோனிகாவையும் கூட்டிக்கொண்டான். ஞாயிறு ஆராதனை முடிந்த உச்சிவெயில் நேரம். இந்த வெயிலில் வெளியே வரும் பேய்க்கும் எட்வர்ட் அளவுக்குத்தான் மூளை இருக்கும் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

புங்கன்கண்டிகை ரயில் ஹால்ட்டை மூடி ஆறு வருடம் ஆகிறது. டிக்கெட் விற்கவில்லை என்றார்கள். பொய்யில்லை. ஊரே ரயிலில்தான் போனது; சீசன் டிக்கெட்டை மட்டும் மீஞ்சூரில் வாங்கியது. கணக்குப்படி இங்கே யாரும் ஏறவேயில்லை. மூடிய பிறகு ஊருக்கு ரோஷம் வந்தது. எட்டு ஏக்கர் நெல் வைக்கும் துளசிராமன் போராட்டக் குழுத் தலைவரானார், வீடு வீடாகப் போய் மனுவில் கையெழுத்து வாங்கினார். முதல் கையெழுத்து மோனிகாவுடையது. மீஞ்சூர் கம்பெனிக்கு அவள் இரண்டு பஸ் மாறிப் போகிறாள். ரயில் மறுபடி இங்கே நின்றால், மகள் எழுந்த பிறகு கிளம்பலாம்.

நடைமேடை முழுக்க நெல் காய்ந்தது.

"இன்னாடி இது? பேய் எங்க நிக்கும்?"

"அதுக்குத்தான் காலே கெடையாதே. எங்க வேணா நிக்கும்."

டிக்கெட் அறையில் புதுப் பூட்டு. உள்ளே யாரோ பெருமூச்சு விட்டார்கள். எட்வர்ட் நாலடி பின்னால் போனான். மோனிகா டிக்கெட் கொடுக்கும் ஓட்டை வழியே பார்த்தாள். ஒரு பசுமாடு. ஓட்டைக்குப் பக்கத்தில் யூரியா மூட்டை, அதன்மேல் ஒரு காகிதக் கட்டு. கையை விட்டு எடுத்தாள். டீ கிளாஸ் வைத்த வட்டத்துக்குள் அவள் கையெழுத்து இருந்தது.

பின்னால் பைக் வந்து நின்றது. துளசிராமன்.

"இன்னாம்மா, இங்க இன்னா வேலை?"

"டிக்கெட் வாங்க வந்தோம், தலைவரே. கவுண்டர்ல மாடு படுத்துக்கினு கீது. மனு டெல்லிக்குப் போயிடுச்சுன்னீங்களே?"

"ஜெராக்ஸ் போச்சும்மா. ஒரிஜினல் பத்திரமா இருக்கணும்ல?"

"மாடு பாத்துக்குதா?"

"பேஜாரு பண்ணாத. அறுப்பு முடியட்டும்."

எட்வர்டுக்கு அவன் கவலை. "தலைவரே, இங்க பேய் கீதாமே?"

துளசிராமன் ஒரு நொடி யோசித்தார். முகம் மலர்ந்தது. "கீதே! அதான் பூட்டி வெச்சுக்கிறேன். ஊர்ல சொல்லு, ஒருத்தரும் இந்தப் பக்கம் வராதீங்கன்னு." சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு போனைப் பார்த்து நின்றார். எட்வர்ட் கேள்வி கேட்டான். அவர் வெள்ளைச் சேலை, கொலுசுச் சத்தம் எல்லாம் சொன்னார். கும்மிடிப்பூண்டி லோக்கல் நிற்காமல் கடந்து போனது.

வீட்டுக்கு வந்து எட்வர்ட் வீடியோவைப் போட்டுப் பார்த்தான். தலைவரின் குரல் பேயை வர்ணித்தது. மோனிகா செல்ஃபி கேமராவை வைத்திருந்தாள்; படத்தில் அவள் தோளுக்குப் பின்னால், ஓட்டை வழியே, கடைசிவரை பசு அசைபோட்டுக்கொண்டிருந்தது.

"அடிப்பாவி, இத்த எவன் பாப்பான்?"

"ஊர் குரூப்புல போட்டாச்சு."

இரவுக்குள் நூற்றுப்பன்னிரண்டு பேர் பார்த்திருந்தார்கள். ஒருவர் மட்டும் பதில் போட்டிருந்தார்: மாடு சினையா?

திங்கட்கிழமை மோனிகா லீவு போட்டாள். மகளை எழுப்பிக் குளிப்பாட்டிப் பள்ளியில் விட்டுவிட்டு, மனுவைச் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டு, ரயில்வே ஆபீஸுக்குப் போக பஸ்ஸுக்கு நின்றாள்.