வெளிக்காற்று

என் கணவருக்கு உலகத்தில் இரண்டு பொருள்கள்மேல் பிரியம். ஒன்று அந்த மீட்டர். இன்னொன்று எது என்பது அடிக்கடி மாறும். சில நாள் அது நானாகக்கூட இருந்திருக்கிறது.

மீட்டர் என்றால் கைக்கடிகாரம் அளவுக்கு ஒரு வட்டம். அதிலிருந்து நீளமாக ஒரு வயர், வயரின் நுனியில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு சென்சார். காரின் புகைக்குழாயில் துளை போட்டு, ஒரு நட்டை வெல்டிங் வைத்து, சென்சாரை அதில் திருக வேண்டும். குழாயின் அடிப்பக்கம் வைத்தால் தேங்கிய தண்ணீர் பட்டு உள்ளேயிருக்கும் பீங்கான் விரிசல் விட்டுவிடும் என்று மேல்பக்கமாகச் சாய்த்துத்தான் வைப்பார். எஞ்சின் ஓடும்போது ஒரு பங்கு பெட்ரோலுக்கு எத்தனை பங்கு காற்று போகிறது என்று வட்டத்தில் எண் வரும். முழு வேகத்தில் அது பன்னிரண்டரையைத் தாண்டக் கூடாது என்பது இவர் கணக்கு. தாண்டினால் எஞ்சின் கொதித்துப்போகும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், வண்டியை ஓட்டிப் பார்க்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து எண்ணைப் படிப்பவள் நான்தான். சம்பளம் கிடையாது, திட்டு உண்டு.

கீழே பட்டறை, மேலே எங்கள் ஒற்றை அறை. நடுவில் ஓர் இரும்புப் படிக்கட்டு, கதவு கிடையாது. பட்டறையில் இவரும் என் கொழுந்தனும் வேலை செய்வார்கள். பக்கத்துக் கட்டடத்தில் ஒரு பல் டாக்டர் இருக்கிறார். இங்கே எஞ்சின் உறுமினால் அங்கே தன் கை நடுங்குகிறது என்று இரண்டு முறை சண்டைக்கு வந்துவிட்டார். அதனால் எஞ்சினை ஓட்டும்போதெல்லாம் ஷட்டரை இறக்கிவிடுவார்கள். புகையை வெளியே விட ஒரு ரப்பர் குழாய் உண்டு. அது நாலு இடத்தில் கிழிந்து, டேப் சுற்றி, டேப்பும் கிழிந்து கிடந்தது.

எனக்குத் தலைவலி. எழும்போதே தலை பாரமாக இருக்கும், மதியத்துக்குள் வாந்தி வருவதுபோல் குமட்டும். கடைக்கோ கோயிலுக்கோ போய்விட்டால் கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும். வெளியே போனதும் சரியாகிற தலைவலிக்கு என் மாமியார் ஒரு பெயர் வைத்திருந்தார்: ஊர்சுற்றி வலி.

போன வருஷம் ஐந்தாம் மாதத்தில் எனக்கு ஒரு குழந்தை தங்காமல் போனது. டாக்டருக்குக் காரணம் தெரியவில்லை. மாமியாருக்குத் தெரிந்திருந்தது. என் வயிறு சரியில்லை என்று சொந்தக்காரர்கள் வீடு வீடாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். இவர் மட்டும் குறையாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "உன் உடம்பு வாகு அப்படி, நீ என்ன பண்ணுவ?" என்று தலையைத் தடவிக்கொடுத்தார். அந்தப் பெருந்தன்மைக்கு நான் எத்தனையோ ராத்திரி மனதுக்குள் கும்பிட்டிருக்கிறேன். இப்போது மறுபடியும் நான்காம் மாதம். இந்தத் தடவையாவது தங்க வேண்டுமே என்பதைத் தவிர எனக்கு வேறு நினைப்பே கிடையாது.

இந்த நேரத்தில்தான் மஞ்சள் கார்க்காரர் திரும்பி வந்தார். இவர் மீட்டர் வைத்து, பெட்ரோல் அளவை டியூன் செய்துகொடுத்த கார். எண் கச்சிதமாகப் பன்னிரண்டரை காட்டியது, படித்துச் சொன்னதே நான்தான். பத்து நாள்கூட ஓடவில்லை. பிஸ்டனில் ஓட்டை விழுந்து, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து வாசலில் விட்டுவிட்டுப் போனார். அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் இவர் அன்றைக்குச் சாப்பிட்டிருப்பார்.

"நீ சரியா படிச்சியா?" என்று இவர் என்னைத்தான் முதலில் கேட்டார். பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம்.

கொழுந்தன்தான் மீட்டரோடு வந்த புத்தகத்தைத் தேடியெடுத்தான். அதுவரை நாங்கள் அதைப் பிரித்ததே இல்லை. சென்சாரை அவ்வப்போது குழாயிலிருந்து கழற்றி, வெறும் காற்றில் தொங்கவிட்டு, சூடேறியதும் பொத்தானை அழுத்த வேண்டும். இதுதான் நல்ல காற்று, இதை வைத்து மற்றதை அள என்று மீட்டருக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் அந்த வேலை. விற்றவர் காட்டிக்கொடுத்தபடி அதை இவர் ஒழுங்காகவே செய்துவந்தார், பட்டறைக்கு உள்ளேயே. புத்தகமோ பட்டறைக்குள் செய்யவே கூடாது, திறந்த வெளியில்தான் செய்ய வேண்டும் என்று கட்டம் கட்டிச் சொல்லியிருந்தது.

மொட்டை மாடிக்குக் கொண்டுபோய்ச் செய்தார்கள். பிறகு கீழே நின்ற வேறொரு காரில், ஏற்கெனவே டியூன் செய்திருந்ததில், மாட்டிப் பார்த்தார்கள். பழைய எண் வரவில்லை. பன்னிரண்டரை என்று நம்பியிருந்த இடத்தில் அதற்கு மேலே காட்டியது.

"உள்ள இருக்கற காத்தே சரியில்லடா," என்றார் இவர் தம்பியிடம். "புகைய போயி நல்ல காத்துன்னு இதுக்குச் சொல்லிக் குடுத்திருக்கோம். அப்புறம் அது தப்பாத்தான அளக்கும்?"

நான் படிக்கட்டில் டீயோடு நின்றுகொண்டிருந்தேன். டீ ஆறிப்போகும்வரை அங்கேயே நின்றேன்.

அன்றிலிருந்து மீட்டருக்கு ராஜ உபசாரம். மெத்தென்ற துணியில் சுற்றி, பேட்டரியைத் தம்பி தூக்கிக்கொண்டு பின்னால் வர, மாடிக்கு ஊர்வலம் போகும். அதன் பக்கத்தில் சிகரெட் பற்றவைத்ததற்குக் கொழுந்தன் அறை வாங்காதது புண்ணியம். நான் படுத்திருக்கும் அறையைத் தாண்டித்தான் அந்த ஊர்வலம் தினமும் போகும்.

"ஏங்க, மீட்டருக்கே ஆகாத காத்து எனக்கு ஆகுமா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"மனுஷனுக்குப் பழகிடும். மீட்டருக்குப் பழகாது," என்றார். கொழுந்தன் சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அந்த வாரமே ஒரு மதியம், கீழே எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போது, கண் இருட்டிப் படியில் உட்கார்ந்துவிட்டேன். இவர் ஓடி வந்து பிடித்துக்கொண்டார். மூச்சு வந்ததும் நான் சொன்னது இதுதான்: "மீட்டர மேல எடுத்துட்டு வாங்க. என் தலகாணிக்கு மேல தொங்க விட்டு அளங்க."

"உனக்கென்ன பைத்தியமா?"

"பைத்தியம்னே வச்சுக்குங்க. அளந்து காட்டிட்டு அப்புறம் சொல்லுங்க."

மறுநாள் செய்தார், என் வாயை அடைப்பதற்காகத்தான். பொத்தானை ஒரு மாதிரி அழுத்திப் பிடித்தால் அந்த மீட்டர் காற்றில் ஆக்சிஜன் எத்தனை சதவீதம் என்று காட்டும். மாடியில் இருபது புள்ளி ஒன்பது. அப்படியே அறைக்குக் கொண்டுவந்து, துணி காயப்போடும் கொடியில் கட்டித் தொங்கவிட்டார். கீழே ஷட்டரை இறக்கி, எப்போதும்போல் எஞ்சினை ஓட்டச் சொன்னார். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன், இவர் எதிரே நின்றுகொண்டிருந்தார். வெகுநேரம் ஒன்றும் ஆகவில்லை. இவர் முகத்தில் பாத்தியா என்கிற மாதிரி ஒரு களை வந்தது. அப்புறம் புள்ளிக்குப் பின்னால் இருந்த ஒன்பது எட்டானது. இன்னும் கொஞ்ச நேரத்தில் ஏழு. பிறகு ஆறில் வந்து நின்றது.

கொழுந்தன் மேலே வந்து எட்டிப் பார்த்தான். "அவ்ளோதானா? கொஞ்சந்தான் கொறைஞ்சிருக்கு அண்ணி."

எனக்கே வெட்கமாகிவிட்டது. இந்தத் துளிக்காகவா இத்தனை ஆர்ப்பாட்டம் செய்தோம் என்று தோன்றியது.

இவர் எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "கொறைஞ்சத விடுடா," என்றார். "கொறைஞ்ச எடத்துல என்ன வந்து உக்காந்திருக்கு?"

கொழுந்தன் கீழே இறங்கிப் போய் எஞ்சினை நிறுத்தினான். ஷட்டர் ஏறுகிற சத்தம் கேட்டது. இவர் கட்டிலைப் பார்த்தார், படிக்கட்டின் வாயைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கார் எஞ்சினில் கோளாறு எங்கே என்று தேடும்போது இப்படித்தான் ஒவ்வொன்றாகப் பார்ப்பார்.

"போன தடவ," என்றார், "எந்திரிக்கவே கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே. படுத்தே இருக்கணும்னு."

"ஆமா."

"இங்கதான படுத்திருந்த?"

"வேற எங்க படுக்கறது? நீங்கதான இறங்கவே கூடாதுன்னு சாப்பாட்ட மேலயே கொண்டுவந்து குடுத்தீங்க."

இவர் கொடியிலிருந்த சென்சாரை வெறுங்கையால் பிடித்து அவிழ்த்தார். அது நெருப்பாகச் சுடும் என்பதை எனக்குச் சொல்லிக்கொடுத்தவரே அவர்தான். கை வெந்தது. நான் தண்ணீர் எடுத்து வந்து ஊற்றினேன், கையை நீட்டிக்கொண்டிருந்தார்.

போன தடவை நடந்ததற்கு அந்தப் புகைதான் காரணம் என்று எந்த டாக்டரும் எழுதித் தரப்போவதில்லை. இல்லை என்றும் தரப்போவதில்லை. அன்று சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் புறப்பட்டேன். வயிற்றில் இருப்பது பிறக்கும்வரை வரமாட்டேன், வந்தாலும் இந்த அறைக்கு வரமாட்டேன் என்று சொன்னேன். அவர் சரி என்றார். கட்டுப் போட்ட கையோடு பையைத் தெருமுனைவரை தூக்கிவந்து ஆட்டோவில் வைத்தார். பல் டாக்டர் வாசலில் நின்று எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு இவர் நகராமல் நின்றார். ஒரு வருஷமாக என்னை மன்னித்துக்கொண்டிருந்த மனிதர். செய்யாத குற்றத்துக்கு மன்னிப்பு வாங்கிக்கொண்டு, அதற்கு நன்றியும் சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறேன். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது.

"எம்மேல கோவமா?" என்றார்.

அவர் கேட்டால் இல்லை என்று சொல்லியே எனக்குப் பழக்கம்.

"ஆமா," என்றேன். வண்டிக்காரரைப் போகச் சொன்னேன்.